ஒத்திகை லைன்

நடந்துகொண்டே பேசினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். அதனால் உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இந்த அறையில் நீளவாக்கில் ஒன்பது எட்டு நடக்கலாம், குறுக்கே ஆறு. அது போதும் எனக்கு. எழுதிக்கொள்பவருக்கு என் செருப்புச் சத்தம் இடைஞ்சல் என்றால் சொல்லட்டும், கழற்றி வைத்துவிடுகிறேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகளில் ஏதேதோ எழுதுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. மேடையில் ஏறிக் கைதட்டச் சொல்லி, 'உன்னால் முடியும்' என்று கத்துகிற ஆளும் இல்லை. அவர்களைக் கண்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த வேலையை, அது தேவைப்படுகிற நேரத்திலும் அவர் அப்படியே செய்யும்படி தயார்ப்படுத்துவது என் வேலை. மனப்பயிற்சியாளர் என்று அட்டையில் போட்டிருக்கிறேன்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் உயரம் தாண்டுகிறவன். பயிற்சியில் என் தலைக்கு மேலே நான்கு விரல்கடை வரை தாண்டியிருக்கிறேன். போட்டியன்று மார்பு உயரக் கம்பியை மூன்று தடவை தட்டிவிட்டு வெளியே வந்தேன். அதே கால், அதே மண், அதே கம்பி. நேற்றுத் தாண்டியவன் எங்கே போய்விட்டான்? வீடு போய்ச் சேரும்வரை இதையே கேட்டுக்கொண்டு நடந்தேன். உள்ளபடி சொன்னால், அந்த நடை இன்னும் முடியவில்லை.

பதினைந்து வருடம் ஓட்டக்காரர்கள், நீச்சல்காரர்கள் என்று பயிற்சி கொடுத்த பிறகு, ஆம்புலன்ஸ் அழைப்புக் கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவசரத்துக்குப் போன் செய்தால் முதலில் எடுப்பார்களே, அந்த இடம். எட்டு மேசை. ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன், ஒரு கீபோர்டு, இரண்டு திரை. சுவரில் ஒரு பெரிய போர்டு. எந்த மேசையில் எத்தனை நொடியில் விலாசம் வாங்கி வண்டி அனுப்பினார்கள் என்று அதில் சிவப்பு எழுத்து மாறிக்கொண்டே இருக்கும். தொண்ணூறு நொடிக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. போன முதல் நாளே அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. விளையாட்டில் தோற்றால் ஒரு பதக்கம் போகும், அவ்வளவுதான்.

எட்டாவது மேசைதான் அவள். நேரில் நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவள் என்றே பழகிவிட்டது. முப்பத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். உள்ளங்கை வேர்க்கும் என்பதால் மடியில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு வைத்திருப்பாள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் துண்டக்கா. அப்படிக் கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். சராசரி நூற்று நாற்பத்து மூன்று நொடி. எட்டு மேசையில் கடைசி.

முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்தவுடனே சொன்னாள்: "சார், என்னை ரெக்கார்டு செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி நானே எழுதிக் குடுத்துடறேன். உங்க நேரம் வீணாப் போக வேணாம்."

"பயிற்சி வகுப்புல நீங்கதான முதல் மார்க்கு?"

"அது வகுப்பு சார். அங்க செத்துப்போறவங்க எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடறாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சேர்ந்த மூன்றாவது வாரம் கிழக்குத் தெருவை மேற்குத் தெரு என்று அடித்துவிட்டாளாம். வண்டி சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. "அந்தம்மா போனை வைக்கவே இல்ல சார். 'வந்துட்டாங்களா, வந்துட்டாங்களா'ன்னு என்னையே கேட்டுட்டு இருந்தாங்க. இப்ப மணி அடிச்சாலே அந்தக் குரல்தான் மொதல்ல வருது. கை மீன் மாதிரி வழுக்குது."

இது சரியாகக்கூடியது என்றேன். அது பொய் இல்லை.

மூச்சை எண்ணுவது, அழைப்பு வருவதற்கு முன் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொள்வது என்று வழக்கமானதையெல்லாம் இரண்டு வாரம் செய்து பார்த்தோம். நூற்று நாற்பத்து மூன்று, நூற்று முப்பத்தெட்டு ஆனது. அப்புறம் ஒத்திகைக்குப் போனேன். டப்பிங் பேசுகிற ஒருவரை ஏற்பாடு செய்தேன். கிழவர், குழந்தை, பெண் என்று எந்தக் குரலிலும் பேசுவார். கூடத்தில் அவரைக் குரல்காரர் என்பார்கள். கூடத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. அவளை அதற்குள் உட்கார வைத்து, பக்கத்து அறையிலிருந்து அவரைப் போனில் பேசச் சொன்னேன். இது ஒத்திகை என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தோம். அங்கே அவள் வேறு ஆள். ஐம்பத்தைந்து நொடி. ஐம்பத்திரண்டு. கீபோர்டில் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும்.

ஒரு நாள் பிற்பகல், ஏதோ இணைப்புக் கோளாறில், ஒத்திகைக்கு நடுவே ஒரு நிஜ அழைப்பு அவள் லைனில் விழுந்துவிட்டது. ஒரு கைக்குழந்தை சட்டைப் பொத்தானை விழுங்கியிருந்தது. அவள் குரல்காரர் என்று நினைத்துக்கொண்டு பேசினாள். குழந்தையை எப்படிக் கவிழ்க்க வேண்டும், முதுகில் எங்கே தட்ட வேண்டும் என்று அந்தத் தாய்க்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐம்பத்தொரு நொடி. பொத்தான் வெளியே வந்துவிட்டது.

வெளியே வந்து, "குரல்காரர் இன்னைக்குப் பின்னிட்டாரு சார். அந்தக் கொழந்தை இருமுச்சு பாருங்க, அச்சு அசல்" என்றாள்.

அது நிஜம் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ வருடமாக நான் தேடிய பதில் எதிரே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. நேற்றுத் தாண்டியவன் எங்கேயும் போய்விடவில்லை. போட்டி நாள் என்று ஒன்று வந்ததுதான் கோளாறு. அந்த நாளை வரவே விடாமல் செய்துவிட்டால்?

ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா? இல்லை, சரி. பரவாயில்லை.

செய்தது இவ்வளவுதான். அவள் தேறிவிட்டாள், இனி கண்ணாடி அறையில் தனியாக நிஜ அழைப்புகளை எடுப்பாள், யாரும் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவளிடம் வேறு விதமாகச் சொன்னேன். இன்னும் மூன்று மாதம் ஒத்திகை, உங்கள் லைன் முழுக்க என் ஆட்கள், இது மற்றவர்களுக்குத் தெரிந்தால் மனத்தாங்கல் வரும், வெளியே சொல்லாதீர்கள் என்றேன்.

"அப்ப என் லைன்ல யாரும் சாக மாட்டாங்களா சார்?"

"மாட்டாங்க."

மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நிம்மதியில் வருகிற அழுகை. அதை நீங்கள் பார்த்திருந்தால் என்னை இப்படிப் பார்க்க மாட்டீர்கள்.

மறு வாரம் போர்டில் அவள் முதலாவது. அதற்கடுத்த வாரமும். மேலதிகாரிகள் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். புது அழைப்புகள் முதலில் அவளுக்கே போகும்படி நான்தான் கேட்டு மாற்ற வைத்தேன். சிறந்த கையிருக்க அடுத்த கைக்கு ஏன் போக வேண்டும்? அந்த ஒன்பது வாரத்தில், பழைய வேகத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்க முடியாத முப்பது பேராவது பிழைத்திருப்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை சந்தேகம் வந்தது. கேன்டீன் டிவியில் பஸ் விபத்தைக் காட்டியிருக்கிறார்கள். நேரே என்னிடம் வந்தாள். "சார், நேத்து நான் எடுத்த போன்காலு மாதிரியே இருக்கு. அதே பாலம், அதே பஸ்ஸு."

"வேற மேசைக்கு வந்த நிஜ போன்காலைத்தான் உங்களுக்கு ஒத்திகையா குடுக்கறோம். அதனாலதான் அச்சு அசலா இருக்கு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நம்ப விரும்புகிறவர்களை நம்ப வைப்பதில் நமக்கு வேலையே இல்லை.

ஒத்திகைக்கென்று ஒரு குணம் உண்டு, அதை நான் எதிர்பார்க்காமல் இல்லை. பயம் போன இடத்தில் விளையாட்டு வந்து உட்காரும். ஒரு நாள், அண்ணன் தூக்கில் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் பேசிய ஒருவரிடம், வேலையெல்லாம் சரியாக முடித்த பிறகு, "நல்லா அழறீங்க" என்றாள். இன்னொரு நாள் நெஞ்சுவலி என்று ஒரு முதியவர் அழைத்தபோது இருபத்திரண்டு நொடி பதிலே சொல்லாமல் இருந்தாள். அவர் விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சும்மா இருந்தா என்ன பண்றாருன்னு பாத்தேன் சார்" என்றாள். ஒத்திகையில்கூட அப்படிச் செய்தால் மார்க் குறைப்பேன் என்று கண்டித்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். முதியவர் பிழைத்துவிட்டார். இரண்டு பதிவையும் நான் அழித்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்றையும் அழித்தேன். கணவர் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று கதறிய பெண்ணிடம், "இதையேதான் போன வாரமும் சொன்னீங்க, வேற எதாச்சும் சொல்லுங்களேன்" என்று இவள் சிரித்திருக்கிறாள். அந்தக் கணவர் பிழைக்கவில்லை. எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதை அழித்தேன். அவசரப்பட்டுச் செய்யவில்லை.

என்மேல் புகார் கொடுத்தவர் குரல்காரர் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரை நான் ஆரம்பத்திலேயே போதும் என்று அனுப்பிவிட்டிருந்தேன். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் என் அறைக்கு வந்து நின்றார்.

"நான் நின்னு ஒன்றரை மாசம் ஆச்சு சார். அந்தம்மா என்னடான்னா, நேத்து நான் அழுத அழுகை பிரமாதம்ங்கறாங்க. யாரு சார் அழுதது?"

சிகிச்சையில் இது ஒரு கட்டம், நடுவில் உடைத்தால் அந்தப் பெண் உடைந்துபோவாள் என்று விளக்கினேன். அவர் நாற்காலியைக்கூடத் தொடவில்லை. "எனக்கு இதெல்லாம் புரியாது சார். நிறுத்திடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தத்தான் இருந்தேன். அடுத்த வியாழக்கிழமை கூட்டம். இந்த முறையை இன்னும் பன்னிரண்டு கூடங்களுக்குக் கொண்டுபோவது பற்றி நான் பேச வேண்டியிருந்தது. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. பயிற்சி பெறுகிறவர்களின் வீட்டை ஒரு தடவை போய்ப் பார்ப்பது என் வழக்கம். அவள் வீட்டுக்கும் போயிருந்தேன். இரண்டாவது மாடி. கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர், எனக்காகப் போய் பிஸ்கட் வாங்கி வந்தார். பதினொரு வயதில் ஒரு மகள். பள்ளி நாடகத்தில் மயங்கி விழுகிற வேஷம் என்று சோபாவில் விழுந்து காட்டினாள். நன்றாகவே விழுந்தாள். "இவளை என் ஒத்திகைக்கு எடுத்துக்கறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். ஒன்பதாவது வாரம் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தேன்: "கடைசி ஒத்திகை உங்களுக்கு ரொம்ப நெருக்கமானதா இருக்கும். அதுல தேறிட்டா முடிஞ்சுது." அந்தக் கிழக்குத் தெரு விஷயத்தைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் சொன்னது இந்த வார்த்தைகள்தான். மறுக்கவில்லை.

திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. பள்ளிக்கு விடுமுறை. நான் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் இங்குமங்கும் நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா? அம்மா, நீயா?"

"பாப்பா?"

"அப்பா விழுந்துட்டாரும்மா. கண்ணு தொறந்திருக்கு, பேச மாட்டேங்கறாரு."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்மேல் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"உன்னை இங்க யாரு கூட்டிட்டு வந்தது?"

"எங்கம்மா? நான் வீட்டுல இருக்கேன்."

"சார் சொல்லிக் குடுத்தாரா? இந்த வெளையாட்டு வேணாம் பாப்பா. அப்பாவை வச்சு வெளையாடக் கூடாது. போனை வை."

அவளே துண்டித்துவிட்டாள். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

நான் நடப்பதை நிறுத்திவிட்டிருந்தேன். எனக்கே அது விசித்திரமாக இருந்தது. உடம்பில் ஒரு அசைவு இல்லை. அவ்வளவு அமைதியாக நான் எப்போதும் நின்றதில்லை.

நான்கு எட்டு வைத்தால் கதவு. திறந்து, இது நிஜம் என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஒரு பொத்தானை அழுத்தி அந்த எண்ணை வேறு மேசைக்குத் தள்ளியிருக்கலாம். சொன்னால் அந்த இடத்திலேயே நொறுங்கிவிடுவாள், கை மறுபடி வழுக்கும், அவள் கணவருக்கே அது ஆபத்து என்று யோசித்தேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். யோசித்தேன், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. இதையும் தாங்குகிறாளா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மகள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். யாரும் இல்லை. திரும்பி வந்து மறுபடி அழைத்தாள். நடுவில் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அம்மாவின் மேசையில் விளக்கு மின்னியது. திரையில் வந்திருந்தது அவள் கணவரின் எண். அதை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். இது ஒத்திகைதானே, தொடரட்டுமா என்று கேட்கிற பார்வை.

ஆமாம் என்று நான் தலையை ஒரு தடவை ஆட்டினேன். என் வாக்குமூலம் மொத்தமும் அந்த ஒரு ஆட்டல்தான். மற்றதெல்லாம் விளக்கம்.

"சரி பாப்பா. விலாசம் சொல்லு."

மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டு. உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். நீ சொல்லணும்."

நாற்பத்தொன்பது நொடி. வண்டி கிளம்பிவிட்டது. அதன் பிறகு லைனை விடாமல் நெஞ்சை அமுக்கச் சொல்லிக் கொடுத்தாள். "ஒரு கைமேல இன்னொரு கையை வை. நெஞ்சுக்கு நடுவுல. பலமா அமுக்கு, தலகாணிய அமுக்கற மாதிரி. நான் எண்றேன், கூடவே எண்ணு. அழுதா எண்ணிக்கை தப்பும்." வண்டி போய்ச் சேர ஒன்பது நிமிடம் ஆனது. ஒன்பது நிமிடமும் எண்ணினாள். எங்கேயும் குரல் பிசிறவில்லை.

லைன் முடிந்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம்தான் சார். ஆனாலும் பாப்பா எப்படிப் பண்ணா பாத்தீங்களா? ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். எங்க வச்சிருக்கீங்க அவளை?"

"கேன்டீன்ல இருக்கா" என்றேன். "டூட்டி முடிச்சுட்டுப் போய்க் கூட்டிக்கங்க."

"ஐஸ்கிரீம் கீஸ்கிரீம் வாங்கிக் குடுத்துடாதீங்க. சளி புடிச்சிருக்கு."

சரி என்றேன். அவள் திரும்பி உள்ளே போனாள். ஆறு மணி வரைக்கும் பதினோரு அழைப்பு எடுத்தாள், ஒன்றுகூட அறுபது நொடியைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் வந்தது. நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தேன். அவளுடைய சொந்தப் போன், விதிப்படி, லாக்கரில் இருந்தது.

டூட்டி முடிந்ததும் அவள் நேரே கேன்டீனுக்குத்தான் போனாளாம். மகள் ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்து ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள் என்று அங்கே தட்டு கழுவுகிறவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் அந்த நேரம் அங்கே இல்லை. கூட்டத்துக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் அழைப்பிலேயே வண்டி கிளம்பி, மூன்றரை நிமிடம் முன்னால் உதவி கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பிழைத்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது. பிழைத்திருப்பார் என்று இல்லை. ஆனால் நான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளியப் போவதில்லை. அந்த மூன்றரை நிமிடத்தை எடுத்தவன் நான். தெரிந்தே எடுத்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. கடிதமாக எழுதி அனுப்பினேன், பிரிக்காமலே திருப்பிவிட்டார்கள். இப்போது ஒரு அறைக்குள்ளேயே இருக்கிறாளாம், மகள் அம்மா என்று கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாளாம். அவளை யாரும் சரியாகக் கையாளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு ஒரு பத்து நிமிடம் கொடுங்கள், போதும். அன்றைக்கு அவள் எடுத்ததுதான் அந்தக் கூடத்தில் இதுவரை யாரும் எடுத்ததிலேயே மிகச் சிறந்த அழைப்பு. அவளிடம் இதை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால் சந்தோஷப்படுவாள்.